மே மாதச் சம்பளமும் ஜூன் மாத அடகும்

தனியார் பள்ளி ஆசிரியர்கள் பணக்கவலையோடு ஆலோசனை கேட்டு வருவது பெரும்பாலும் ஜூன் மாதத்தில்தான். பல பள்ளிகளில் மே மாதத்துக்குச் சம்பளம் இல்லை, அல்லது பாதிதான். வீட்டுச் செலவுக்கு விடுமுறை கிடையாது. பள்ளி திறந்ததும் சொந்தப் பிள்ளைகளின் கட்டணம், சீருடை, வேன் வாடகை எல்லாம் ஒரே வாரத்தில் வந்து நிற்க, வளையல் அடகுக்குப் போகிறது. இதை ஊதாரித்தனம் என்று சொல்ல மாட்டேன். பதினொரு மாத வருமானத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வைக்காததுதான் கோளாறு.

போன ஜூனில் வைத்த நகை இன்னும் கடையிலேயே இருக்கிறதா? வட்டியை மட்டும் கட்டி மறு அடகு வைத்தீர்களா? கிரெடிட் கார்டுக்குக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி வருகிறீர்களா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய நேரம் வந்துவிட்டது. பதற வேண்டாம். பதற்றத்தில்தான் பலர் நூற்றுக்கு மூன்று ரூபாய் வட்டிக்குக் கைநீட்டுகிறார்கள்; அது ஆண்டுக்கு 36 சதவீதம்.

கையில் வரும் சம்பளம் 18,000 ரூபாய் என்று கொள்வோம். ஜூன் முதல் ஏப்ரல் வரை மாதம் 1,500 ரூபாய் ஒதுக்கினால் மே மாதத்துக்கு 16,500 ரூபாய் இருக்கும். மற்ற மாதங்களில் செலவுக்கு நிற்பதும் அதே 16,500தான். இந்தப் பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே விட்டால் தீபாவளியைத் தாண்டாது. தனியாக ஓர் அஞ்சலகச் சேமிப்புக் கணக்கு போதும். குறைந்தபட்ச இருப்பு 500 ரூபாய், வட்டி 4 சதவீதம். அஞ்சலகத் தொடர் வைப்பு (மாதந்தோறும் ஒரே தொகை கட்டும் சேமிப்பு) ஐந்தாண்டுத் திட்டம் என்பதால் இதற்கு ஒத்துவராது.

ஏற்கெனவே அடகில் உள்ள நகையை வங்கிக்கோ கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாற்ற முடியுமா என்று பாருங்கள். வட்டி கட்டும்போதெல்லாம் அசலிலும் ஆயிரமாவது குறையுங்கள். பல நகைகள் இருந்தால் வட்டி அதிகமானதை முதலில் மீட்க வேண்டும். அம்மா போட்ட சங்கிலி என்பதற்காக அதை முந்தி மீட்பது மனசுக்கு நல்லது, கணக்குக்கு அல்ல.

ஓய்வறையில் இரண்டு குறுக்குவழிகள் காத்திருக்கும். ஒன்று, பதிவு செய்யாத சீட்டு. நடத்துபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவாகாத சீட்டில் சேராதீர்கள். இன்னொன்று, ‘வரி மிச்சமாகும்’ என்று தோழி விற்கும் காப்பீட்டு பாலிசி. 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் ஆண்டுச் சம்பளம் 12.75 லட்சம் ரூபாய் வரை வருமான வரியே இல்லை. இல்லாத வரியை எப்படி மிச்சம் பிடிப்பது?

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு, பள்ளி மாறும்போது நடக்கிறது. இருபது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் பள்ளிக்கு வருங்கால வைப்பு நிதிச் சட்டம் பொருந்தும். மாறும்போதெல்லாம் பிஎஃப் பணத்தை எடுத்துச் செலவழிப்பது நம்மிடம் வழக்கமாகிவிட்டது. அதோடு 10சி படிவம் கொடுத்து ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரையிலான பணிக்காலம் அழிந்துபோகும். 58 வயதில் மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். எடுத்தவர் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். புதிய பள்ளியில் பழைய யுஏஎன் எண்ணையே (ஒருவருக்கு ஒரே நிலையான பிஎஃப் எண்) கொடுத்து, நிலுவையை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) ஆசிரியர்களுக்குக் கிடையாது என்று இன்றும் சில அலுவலகங்களில் சொல்கிறார்கள். தவறு. 2009ஆம் ஆண்டுத் திருத்தம் அவர்களையும் சேர்த்தது. அதை 2022இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஐந்தாண்டு தொடர்ந்து பணியாற்றியிருந்தால், நீங்களே ராஜினாமா செய்தாலும் உரிமை உண்டு. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், அதை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க 7,500 வரும். ஆறாண்டுப் பணிக்கு 45,000 ரூபாய். நான்கரை ஆண்டில் கூடுதல் ஆயிரம் ரூபாய் தரும் பள்ளிக்குத் தாவும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். விலகும்போது எழுத்து மூலமாக விண்ணப்பித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்பத்தோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள். 30 நாளில் பணம் வராவிட்டால் தொழிலாளர் துறையில் மனு கொடுக்கலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த நகலும் பணி நியமன ஆணையும்தான்.