பிடியரிசியும் நூற்றிருபது மணி நேரமும்

ஒருவர் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மூட்டை அரிசியைத் தானமாக அளிக்கிறார். இன்னொருவர் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்முன் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கிறார். இரண்டும் நற்செயல்களே. ஆனால் இவ்விரண்டில் எது கொடுப்பவரின் மனத்தை அதிகமாகப் பண்படுத்துகிறது? தொண்டில் ஈடுபட விரும்பும் கல்லூரி மாணவர்கள் முதலில் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கேரளத்தில் வாழ்ந்த குரியாக்கோஸ் எலியாஸ் சாவரா (1805–1871) என்ற கிறிஸ்தவத் துறவி 1846ஆம் ஆண்டு மான்னானத்தில் ஒரு சமஸ்கிருதப் பாடசாலையைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட குழந்தைகளும் கல்வி பெற வேண்டும் என்பது அவரது விருப்பம். பசித்த குழந்தை எப்படிப் படிக்கும்? அதற்காக வீடுதோறும் தினமும் ஒரு பிடி அரிசி சேமிக்கும் 'பிடியரி' முறையை அவர் பரப்பினார். தமிழகத்தில் பின்னாளில் காஞ்சி பரமாச்சாரியாரும் பிடியரிசித் திட்டத்தை வலியுறுத்தினார். ஏழைக் குடும்பமும் ஒரு பிடி அரிசி தர முடியும். செல்வக் குடும்பமும் ஒவ்வொரு நாளும் பிறர் பசியை நினைத்தாக வேண்டும். இதுவே இம்முறையின் சிறப்பு.

அடுகோடியின் அருகே

சாவரா அடிகள் இணைந்து நிறுவிய துறவற சபையினர் பெங்களூரில், அடுகோடியை ஒட்டிய ஓசூர் சாலையில், 1969ஆம் ஆண்டு கிறைஸ்ட் கல்லூரியைத் தொடங்கினர். 2008இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அடுகோடி ஆலைகளும் உழைப்பாளர் குடியிருப்புகளும் நிறைந்த பகுதி. 'மைக்கோ' என்று மக்கள் அழைத்த பெருந்தொழிற்சாலை அங்குதான் எழுந்தது. தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது எனப் பல மொழிகளைப் பேசுவோர் அங்கு அருகருகே வாழ்கின்றனர். உயர்ந்த கட்டடங்களுக்கு நடந்து செல்லும் தொலைவிலேயே குறுகிய சந்துகளும் ஓரறை வீடுகளும் உள்ளன.

இந்த அண்மையைக் கல்வியின் பகுதியாக்கும் நோக்குடன் 1999இல் அக்கல்லூரியில் சமூகச் செயல் மையம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் எளிய குடும்பங்களின் குழந்தைகளுக்குக் கல்வியில் துணைநிற்பது, வீதி நாடகங்கள் மூலம் விழிப்புணர்வு ஏற்படுத்துவது போன்ற பணிகள் அதன் வழியே நடைபெறுகின்றன.

தேசம் கேட்கும் இருபது நிமிடம்

அதே 1969ஆம் ஆண்டில், மகாத்மா காந்தியின் நூற்றாண்டை ஒட்டி, செப்டம்பர் 24ஆம் நாள் மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களுடன் தொடங்கிய இத்திட்டம் இன்று நாடெங்கும் பரவியுள்ளது. 'நான் அல்ல, நீ' என்பது அதன் குறிக்கோளுரை. கோனார்க் சூரியக் கோயிலின் தேர்ச்சக்கரம் அதன் சின்னம்.

இத்திட்டத்தில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் என இரண்டாண்டுகளில் 240 மணி நேரம் தொண்டாற்ற வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாமிலும் பங்கேற்க வேண்டும். 120 மணி நேரத்தை ஆண்டின் 365 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம் வருகிறது. தேசம் தன் இளைஞரிடம் கேட்கும் பிடியரிசி இவ்வளவே!

மணிக்கணக்கின் ஆபத்து

ஆனால் இந்த மணிகளை மூட்டையாகக் கட்டி ஒரே மூச்சில் இறக்கிவைத்துவிடவும் மனம் வழி தேடும். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை சமூகத் தொண்டுக்குப் பாடமதிப்பு அளிக்க இடம் தந்துள்ளது. நல்ல நோக்கம்தான். எனினும் மதிப்பெண் வந்த இடத்தில் கணக்குப் பார்க்கும் மனமும் வந்துவிடக்கூடும்.

ஒரு சூழலை எண்ணிப் பார்ப்போம். மாணவர் ஒருவர் மாலை நேரத்தில் ஒரு சிறுமிக்குக் கணக்குச் சொல்லித் தருகிறார். முதல் சில வாரங்கள் அச்சிறுமி வாய் திறப்பதில்லை. பிறகு மெல்ல, தனக்கு வகுத்தல் வராது என்று ஒப்புக்கொள்கிறாள். அந்த வாரத்தோடு மாணவரின் மணிக்கணக்கு நிறைவடைகிறது. சான்றிதழ் கிடைக்கிறது. அடுத்த வாரமும் சிறுமி சிலேட்டுடன் வந்து காத்திருக்கிறாள். மாணவரின் ஏட்டில் தொண்டு நிறைவு பெற்றுவிட்டது. சிறுமியின் மனத்திலோ, 'வருபவர்கள் போய்விடுவார்கள்' என்ற பாடமே எஞ்சுகிறது. பாதியில் விடப்பட்ட தொண்டு, தொடங்காத தொண்டைவிட அதிகமாகப் புண்படுத்தலாம்.

ஆகவே, போக வேண்டிய நாள் வருமுன் அடுத்து வருபவரை அச்சிறுமிக்கு அறிமுகப்படுத்துவதும், எதுவரை கற்பித்தோம் என்று எழுதி வைப்பதும் தொண்டின் இன்றியமையாத பகுதிகளாகும்.

முதலில் அறிதல்

திருவள்ளுவர் ஈகை என்ற அதிகாரத்துக்கு முன்பாக 'ஒப்புரவறிதல்' என்ற அதிகாரத்தை வைத்திருப்பது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. ஒப்புரவு என்பது ஊரோடு ஒத்து வாழும் பொதுநெறி. அதைச் செய்தல் என்னாமல் அறிதல் என்றார். அயலாருக்கு எது தேவை என்பதை அறியாமல் கொடுப்பது, நம் விருப்பத்தையே அவர்கள்மீது சுமத்துவதாகிவிடும்.

இந்த அறிதல் தன் வீட்டுக் குப்பையிலிருந்தே தொடங்கலாம். 2012ஆம் ஆண்டு மாவள்ளிபுரா குப்பைக் கிடங்கு மூடப்பட்டபோது பெங்களூரின் தெருக்களில் குப்பை குவிந்தது. நகரம் தன் கழிவுகளை அதுவரை கிராம மக்களின் வாசலில் கொட்டிவந்தது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. கிறைஸ்ட் வளாகத்தில் கழிவுத்தாளை மறுசுழற்சி செய்யும் பிரிவு இயங்குகிறது. அருகிலுள்ள குடியிருப்புப் பெண்கள் அதில் வேலை பெறுகின்றனர். ஒரு மாணவர் தாளையும் உணவுக் கழிவையும் பிரித்துப் போடுவது சிறு செயல்தான். ஆனால் அதைப் பிரிக்கும் கைகள் யாருடையவை என்று அறிந்து செய்யும்போது அது வழிபாட்டுக்கு நிகராகிறது. அதற்குப் புகைப்படமும் தேவையில்லை, சான்றிதழும் தேவையில்லை.

உதவி செய்பவரே உதவி பெறுபவருக்கு நன்றி செலுத்த வேண்டும் என்பது கர்மயோகம் பற்றிய சொற்பொழிவுகளில் சுவாமி விவேகானந்தர் விளக்கிய கருத்து. ஏனெனில் உலகம் நம் உதவிக்காகக் காத்திருக்கவில்லை. நம் மனம் தூய்மையடையவே இந்த வாய்ப்பு நமக்கு அளிக்கப்படுகிறது. இந்த எண்ணம் வேரூன்றினால் மணிக்கணக்கு தானே மறைந்துவிடும்.

பிடியரிசி எடுத்து வைப்பவர் அது யாருடைய தட்டுக்குச் செல்கிறது என்று பார்ப்பதில்லை. ஆயினும் நாளையும் பானையைத் திறக்கிறார். அந்த 'நாளையும்' என்பதில்தான் தொண்டின் உயிர் இருக்கிறது.

சிந்தனைக்கு

1. உங்கள் கல்லூரியிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வாழும் மக்களைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?

2. நீங்கள் செய்யும் தொண்டு உங்களுக்குப் பிறகும் தொடர என்ன ஏற்பாடு செய்துள்ளீர்கள்?

3. சான்றிதழ் இல்லை என்றாலும் நாளை அங்கே செல்வீர்களா?