விதையிலையில் ஊசித்துளை

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தோடு வந்த படத்தைப் பார்த்தேன். முள்ளங்கி முளைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் விதையிலை இரண்டும் சல்லடையாகிவிட்டன. புழுவைத் தேடி இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது புழுவின் வேலை இல்லை, தெள்ளு வண்டு. எள்ளைவிடச் சிறியது. கை நெருங்கினாலே தெள்ளுப்பூச்சி மாதிரி எகிறிவிடும்.

நம் ஊரான ஆகுர்டியில் மழை ஓய்ந்து அக்டோபர் வெயில் காயும்போதுதான் நாம் கோஸும் முள்ளங்கியும் விதைக்கிறோம். வண்டுக்கும் அந்த வெயில்தான் பிடிக்கும். என் மாடியில் முதல் வருடம் ஒரு தொட்டி முழுக்கப் போயிற்று. வேப்பெண்ணெய் அடித்து அடித்துப் பார்த்தேன், நிற்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. முள்ளங்கி போன்ற கடுகுக் குடும்பத்துச் செடியைக் கடித்தால் கிளம்பும் காரநெடி பல பூச்சிகளை விரட்டும். இந்த வண்டுக்கோ அதுதான் வழிகாட்டி. கோடு போட்ட தெள்ளு வண்டு, செடியின் காரமூலத்தைத் தன் உடம்பிலேயே சேர்த்துவைக்கிறது. அதைக் காரமாக்கும் நொதியையும் தானே உண்டாக்குகிறது. ஜெர்மனியின் யேனா நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் 2014-இல் இதை வெளியிட்டார்கள். ஆண் வண்டின் வாசனையும் இலையின் நெடியும் கலந்துவிட்டால் மற்ற தெள்ளு வண்டுகளும் அங்கே வந்து கூடும். ஆகவே வந்தபின் விரட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

விதைத்த அன்றே தொட்டியை மூடுங்கள். கொசுவலை போதாது, கண் 1 மி.மீட்டருக்கும் குறைவான வலைத்துணி வேண்டும். ஓரத்தை மண்ணில் புதைத்துவிடுங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: வண்டு முட்டையிடுவது மண்ணில், அதன் புழு தின்பது வேரை. போன முறை முள்ளங்கி வளர்ந்த மண்ணிலேயே மறுபடி விதைத்தால், வலைக்குள்ளிருந்தே வண்டு கிளம்பும். அந்தத் தொட்டியில் இந்தத் தடவை வெந்தயம் போடுங்கள்.

பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் 25 வரிசை கோஸுக்கு இருபுறமும் கடுகு விதைக்கச் சொல்கிறது. அது வைரமுதுகு அந்துப்பூச்சிக்காகச் சொன்னது. ஆனாலும் தெள்ளு வண்டுக்கும் கடுகு என்றால் ஆசை அதிகம். விதைப்புக்கு இரண்டு வாரம் முன்னதாக ஓரத்தில் ஒரு தொட்டி கடுகு வையுங்கள். வைத்ததோடு விட்டால் அதுவே வண்டுப் பண்ணையாகிவிடும். தினமும் மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, இலைக்குப் பக்கத்தில் பிடித்துச் செடியைத் தட்டுங்கள். எகிறுகிற வண்டு அட்டையில் ஒட்டிக்கொள்ளும்.

இப்போதுள்ள முள்ளங்கியைப் பிடுங்கிவிடாதீர்கள். நடுக்குருத்து பச்சையாக இருந்தால் தண்ணீர் காட்டிக்கொண்டே வாருங்கள், பிழைத்துவிடும். கோஸை மட்டும் புதிதாக விதைக்க வேண்டாம். என்னிடம் வலைக்குள் வளர்ந்த நாற்று இருபது இருக்கிறது, ஐந்து இலை விட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆகுர்டியிலிருந்து உங்கள் அக்கா