அலைன்மெண்டுக்கு முன் ஏன் பழுதுபார்ப்பு?

மாணவர்களே, நிறுத்தி வைத்திருக்கும் உங்கள் வீட்டுக் காரின் முன்சக்கரங்களைக் கவனியுங்கள். டயரின் ஓர் ஓரம் மட்டும் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா? அப்படியானால், சக்கரம் பார்க்கும் திசை ஒன்றாகவும் கார் போகும் திசை வேறாகவும் இருக்கலாம். இதைச் சரிசெய்வதே வீல் அலைன்மெண்ட். ஆனால், சில நேரங்களில் டயர் கடைக்காரர், "முதலில் கீழே உள்ள சாமான்களை மாற்றிவிட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அவர் சொல்வது நியாயமா?

மூன்று கோணங்கள்

மேலிருந்து பார்த்தால், சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணம் 'டோ'. முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு 'கேம்பர்'. பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியும் திருப்பு அச்சின் சாய்வு 'காஸ்டர்'. பல சிறிய கார்களில் எளிதாக மாற்றக்கூடியது டோ மட்டுமே.

ஒரு சக்கரத்தின் டோ அரை டிகிரி தவறாக இருப்பதாகக் கொள்வோம். சைன் 0.5° = 0.0087. கணக்குப்படி, கார் 1 கிலோமீட்டர் நேராக ஓடும்போது அந்த டயர் 8.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோலாலம்பூரிலிருந்து பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். அங்கே போய்ச் சேர்வதற்குள் 3 கிலோமீட்டர் தூரம் டயரைத் தாரில் தேய்த்ததற்குச் சமம்! தேய்ந்த டயர் மழைநீரை வெளியேற்றாது. பிரேக் பிடித்தாலும் கார் வழுக்கும்.

முதல் நிபந்தனை: ஆடக்கூடாதது ஆடக்கூடாது

ஸ்டியரிங்கையும் சக்கரத்தையும் இணைப்பது 'டை ராட்' கம்பி. அதன் முனையிலும் கீழ்க்கையின் முனையிலும் பந்து மூட்டுகள் உள்ளன. நம் தோள் மூட்டைப் போல, கிண்ணத்துக்குள் பந்து திரும்பும். கிண்ணம் தேய்ந்தால் இடைவெளி உண்டாகும்.

பட்டறையில் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் 3, 9 மணி இடங்களைப் பிடித்து அசைத்துப் பார்ப்பார்கள். ஆட்டம் இருந்தால் டை ராட் மூட்டின்மேல் சந்தேகம். 12, 6 மணி இடங்களில் ஆடினால் கீழ்ப் பந்து மூட்டையோ பேரிங்கையோ சோதிப்பார்கள். ஆடும் மூட்டோடு கோணத்தை அளப்பது, ஆடும் மேசையில் தராசு வைப்பதைப் போன்றது. கணினி காட்டும் எண் சாலையில் இறங்கியதும் மாறிவிடும்.

இரண்டாம் நிபந்தனை: நகர வேண்டியது நகர வேண்டும்

டோவை மாற்ற, பூட்டு நட்டைத் தளர்த்தி டை ராட்டைச் சுழற்ற வேண்டும். அதன் புரியிடைத் தூரம் 1.5 மில்லிமீட்டர் என்றால், கால் சுற்றுக்கு நீளம் 0.375 மில்லிமீட்டர் மாறும். திருகின் சிறப்பே இந்த நுண்மைதான்.

ஆனால், நமது ஈரக் காற்றில் புரிகள் துருப்பிடிக்கின்றன. துரு, தான் உருவான இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் நட்டு இறுகிவிடும். அப்போது மெக்கானிக் என்ன செய்வார்? கம்பித் தூரிகையால் துருவைத் தேய்த்து, ஊடுருவும் எண்ணெய் தெளித்துக் காத்திருப்பார். நுண்புழை விளைவால் எண்ணெய் குறுகிய இடுக்குகளுக்குள் புகும். பிறகு நீண்ட ஸ்பேனரைப் பிடிப்பார்.

திருப்புத்திறன் = விசை × செங்குத்துத் தூரம்
200 நியூட்டன் × 0.2 மீட்டர் = 40 நியூட்டன் மீட்டர்
200 நியூட்டன் × 0.5 மீட்டர் = 100 நியூட்டன் மீட்டர்

கை வலிமை அதேதான். திருப்புத்திறன் இரண்டரை மடங்கு!

மூட்டை மாற்றும்போது, பழையது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி, புதியதையும் அதே அளவு திருகுவார்கள். டோ பழைய நிலைக்கு அருகில் இருக்கும். ஆனால் துல்லியமாக இராது. ஆகவே, பாகத்தை மாற்றிய பிறகு அலைன்மெண்ட் கட்டாயம். டயர் கடைக்காரர் சொன்ன வரிசை சரிதான்.

எச்சரிக்கை: ஜாக் மட்டும் தாங்கும் காரின் அடியில் ஒருபோதும் நுழையாதீர்கள். ஜாக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டாண்டு வேண்டும். பட்டறை வேலையைத் தள்ளி நின்று பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. டோ தவறு 0.25° என்றால், 1 கிலோமீட்டருக்கு டயர் எத்தனை மீட்டர் இழுபடும்? (சைன் 0.25° = 0.0044)
2. காற்று குறைந்த டயரோடு அலைன்மெண்ட் அளந்தால் அளவு நம்பத்தக்கதா? காரணம் கூறுக.