குளமும் திடலும் யாருக்காக?

பள்ளி விடுமுறையில் எங்கே போகலாம் என்று கேட்டால், நம்மில் பலர் முதலில் பேரங்காடியின் பெயரைத்தான் சொல்கிறோம். வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் பொது நீச்சல் குளமும் விளையாட்டுத் திடலும் நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. ஆனால், நீராடுவதும் ஊஞ்சலாடுவதும் தமிழர் வாழ்வுக்குப் புதியவை அல்ல. வையை ஆற்றில் மக்கள் கூடி நீராடி மகிழ்ந்த காட்சிகளைப் பரிபாடல் பாடுகிறது. பெண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதி மூன்று அம்மானை, நீராடல், ஊசல் என்பவை. ஊசல் என்றால் ஊஞ்சல். விளையாட்டும் நீராட்டும் ஒரு பெண் குழந்தையின் வளர்ச்சிக்கு உரியவை என்று நம் முன்னோர் கருதியதை இதனால் அறியலாம்.

தோட்டத்துத் திடல்

மலாக்காவில் வாழும் தமிழர் பலருடைய குடும்ப வரலாறு ரப்பர்த் தோட்டத்தில் தொடங்குகிறது. மலாயாவில் வணிக நோக்கில் ரப்பர் முதன்முதலில் பயிரிடப்பட்டதும் இம்மாநிலத்தில்தான். 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசாகானில் பெருந்தோட்டம் உருவானது. தோட்டங்கள் பெருகப் பெருக, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் குடியேறின.

லயத்துக்கு அருகே கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் ஆகியவை இருந்தன. மாலையில் அத்திடலில் பிள்ளைகள் சடுகுடு ஆடினர். இளைஞர்கள் காற்பந்து விளையாடினர். பெரியவர்கள் ஓரத்தில் அமர்ந்து ஊர்க்கதை பேசினர். திருவிழாவும் விளையாட்டுப் போட்டியும் அங்கேயே நடந்தன. திடலுக்குப் போக யாரும் அழைப்பு எதிர்பார்த்ததில்லை. வீட்டு வாசலின் தொடர்ச்சியாகவே அது இருந்தது.

நீச்சல் மட்டும் வேறு கதை. ஆற்றிலும் குட்டையிலும் பிள்ளைகள் தாமாகவே இறங்கிக் கற்றார்கள். கற்றுக்கொடுக்கவோ காவல் காக்கவோ அங்கு ஆள் இல்லை. ஆழம் எவ்வளவு என்பது இறங்கிய பிறகே தெரிந்தது. பெண்பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் பெரும்பாலும் கிட்டவில்லை.

காலப்போக்கில் தோட்டங்கள் துண்டாடப்பட்டன; பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; குடும்பங்கள் பட்டணத்துக் குடியிருப்புகளுக்கு மாறின. சொந்த வீடு கிடைத்தது. ஆனால், வாசலில் இருந்த திடல் கூடவே வரவில்லை. அந்த இழப்பை ஈடுசெய்யக்கூடியது வட்டாரப் பொழுதுபோக்கு மையம். அங்குச் செல்லும்போது மூன்று கேள்விகளை மனத்தில் கொள்வோம். இது யாருடையது? இது பாதுகாப்பானதா? இது எல்லாருக்கும் உரியதா?

இது யாருடையது?

மலாக்கா மாநிலத்தில் நான்கு ஊராட்சி மன்றங்கள் உள்ளன. அவை மலாக்கா வரலாற்று மாநகராட்சி மன்றம், அலோர்காஜா நகராண்மைக் கழகம், ஜாசின் நகராண்மைக் கழகம், ஹங் துவா ஜெயா நகராண்மைக் கழகம் ஆகும். பொதுத் திடல்களையும் பூங்காக்களையும் அமைப்பதும் பராமரிப்பதும் ஊராட்சி மன்றங்களின் பணிகளுள் அடங்கும். இதற்கான அதிகாரத்தை 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் வழங்குகிறது.

வீட்டு உரிமையாளர்கள் ஆண்டுக்கு இரு முறை மதிப்பீட்டு வரி செலுத்துகிறார்கள். குப்பை அள்ளுவதற்கும் சாலை விளக்குகளுக்கும் மட்டுமன்றித் திடலில் புல் வெட்டுவதற்கும் அந்த வரிப்பணம் பயன்படுகிறது. எனவே, பொதுச்சொத்து என்பது உரிமையாளர் இல்லாத சொத்து அன்று. நம் எல்லாருக்கும் பங்குள்ள சொத்து. ஊஞ்சலின் சங்கிலியை அறுப்பவன் தன் பெற்றோரின் பணத்தையே அறுக்கிறான்.

ஒரு குடியிருப்புக்கு எவ்வளவு திறந்தவெளி தேவை? புதிய வீடமைப்புத் திட்டத்தின் நிலப்பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது நம் நாட்டின் திட்டமிடல் வழிகாட்டி. 1,000 பேருக்கு 2 ஹெக்டர் திறந்தவெளி என்பது நாடு முன்வைத்துள்ள இலக்கு. 5,000 பேர் வாழும் குடியிருப்புக்கு இக்கணக்கின்படி 10 ஹெக்டர் தேவை. ஏறத்தாழ 14 காற்பந்துத் திடல்களின் பரப்பு அது. உங்கள் குடியிருப்பில் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

திடல் ஒன்றின் மதிப்பு அதன் நிலவிலையோடு முடிந்துவிடுவதில்லை. 1956ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள், நாடு விடுதலை பெறும் தேதியைத் துங்கு அப்துல் ரஹ்மான் மக்கள் முன் அறிவித்தார். அவ்வறிவிப்பு நடந்த இடம் மலாக்கா பண்டார் ஹிலிர் திடல். பல இனத்து மக்களும் ஒன்றாகக் கூடுவதற்கு ஒரு திடல் இருந்ததால்தான் அந்நாள் அங்கே நிகழ முடிந்தது.

இது பாதுகாப்பானதா?

மலாக்காவில் நீராட இடங்களுக்குக் குறைவில்லை. தஞ்சோங் பிடாரா, பெங்காலான் பாலாக் ஆகிய கடற்கரைகளுக்கு விடுமுறையில் குடும்பங்கள் செல்கின்றன. காடெக்கிலும் பெம்பானிலும் வெந்நீர் ஊற்றுகள் உள்ளன. ஆயினும், நீச்சல் கற்கத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் உயிர்காப்பாளர் உள்ள நீச்சல் குளமே. கடலில் நீரோட்டம் மாறும். ஆற்றில் மழைக்குப் பின் நீர் திடீரென உயரும். வெந்நீர் ஊற்றில் நெடுநேரம் இருந்தால் உடல் சோர்ந்துவிடும். குளத்தில் மட்டுமே ஆழம் சுவரில் எழுதப்பட்டிருக்கும். அடித்தளம் கண்ணுக்குத் தெரியும்.

இதை ஏன் வலியுறுத்துகிறோம்? உலகச் சுகாதார நிறுவனத்தின் கணிப்பின்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் கிட்டத்தட்டப் பாதிப்பேர் 29 வயதுக்கு உட்பட்டவர்கள். நால்வரில் ஒருவர் 5 வயது கூட நிரம்பாத குழந்தை. இதனால்தான் ஐக்கிய நாட்டுப் பொதுச்சபை 2021இல் ஒரு தீர்மானம் நிறைவேற்றி, ஜூலை 25ஆம் நாளை உலக நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்தது.

நீரில் மூழ்குபவர் கையை வீசிக் கூச்சலிடுவார் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பெரும்பாலும் ஓசையின்றி நடக்கிறது. மூச்சுக்குத் தவிப்பவரால் கத்த முடியாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து எழும்; உடல் நிமிர்ந்த நிலையிலேயே இருக்கும். பக்கத்தில் இருப்பவர்கூட அவர் விளையாடுவதாக எண்ணிவிடலாம். ஆகவே, தம்பி தங்கையரைக் குளத்துக்கு அழைத்துச் செல்லும் அண்ணனும் அக்காளும் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதே காவல்.

ஒருவர் மூழ்குவதைக் கண்டால் உடனே குதிக்காதீர்கள். தவிப்பவர் உங்களையும் இறுகப் பற்றி உள்ளே இழுத்துவிடக்கூடும். முதலில் உயிர்காப்பாளரைக் கூவி அழையுங்கள். கரையில் படுத்தபடி கழியையோ துண்டையோ நீட்டுங்கள். எட்டவில்லையெனில் மிதவை வளையத்தையோ மூடிய காலிப் புட்டியையோ எறியுங்கள். உயிர்காப்பாளர் இல்லாத இடமாயின் 999 எண்ணுக்கு அழையுங்கள். நீங்களே நீரில் தவறி விழுந்தால், பதறாமல் மல்லாந்து மிதக்க முயலுங்கள். வேகமாக நீந்துவதற்கு முன் கற்க வேண்டியது மிதப்பதைத்தான்.

குளத்தின் விதிகளுக்கும் காரணங்கள் உண்டு. 50 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் 2 மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில் 25 லட்சம் லிட்டர் நீர் இருக்கும். அதை நாள்தோறும் மாற்ற இயலாது. வடிகட்டிச் சுழற்சியில் விடுகிறார்கள். கிருமிகளைக் கொல்லக் குளோரின் சேர்க்கிறார்கள். மூக்கைத் துளைக்கும் நெடி வந்தால் குளம் மிகத் தூய்மையாக இருப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாக்கும் வேதிப்பொருள்களே அந்த நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் காரணம். இறங்கும் முன் குளித்துவிட்டு வரச் சொல்வது இதற்காகவே. ஈரத்தரையில் ஓடினால் வழுக்கும். ஆழமற்ற பகுதியில் தலைகீழாகப் பாய்ந்தால் கழுத்தெலும்பு முறியும். இடியோசை கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடி முழங்கி 30 நிமிடம் கழிந்த பின்னரே மீண்டும் இறங்குங்கள்.

இது எல்லாருக்கும் உரியதா?

குளத்துக்குச் சென்றதும் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். யார் நீந்துகிறார்கள்? யார் கரையில் அமர்ந்து உடைமைகளைக் காவல் காக்கிறார்கள்? பல குடும்பங்களில் ஆண்பிள்ளைகள் நீரில் இறங்க, அம்மாவும் அக்காளும் கரையில் இருக்கிறார்கள். உடையைப் பற்றிய கூச்சம் ஒரு காரணம். கையையும் காலையும் முழுமையாக மறைக்கும் நீச்சலுடைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. பருத்திச் சட்டை நீரை உறிஞ்சிக் கனத்துவிடும் என்பதால், அதற்கென நெய்த உடையே ஏற்றது. வெள்ளம் வரும்போது அது ஆண் பெண் பார்த்து வருவதில்லை. நீராடலைப் பெண் குழந்தைக்குரிய பருவமாகப் பாடிய மொழியைப் பேசுகிறோம். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளைக் கரையிலேயே நிறுத்தி வைப்பது தகுமா?

விளையாட்டுத் திடலையும் இவ்வாறே நோக்கலாம். சிறு குழந்தைகளுக்குரிய தாழ்வான சறுக்குமரமும் பெரிய பிள்ளைகளுக்குரிய ஏறுகம்பிகளும் தனித்தனியே அமைய வேண்டும். கீழே விழும் பிள்ளைக்கு அடிபடாதபடி மணலோ ரப்பர் விரிப்போ இருக்க வேண்டும். நண்பகல் வெயிலில் உலோகச் சறுக்குமரம் தோலைச் சுட்டுவிடும். நிழல்தரும் மரங்களும் திடலின் ஒரு பகுதிதான். சக்கர நாற்காலியில் வரும் சிறுவனுக்கு நுழைவாயிலில் சாய்தளம் உண்டா? அவனும் ஆடக்கூடிய ஊஞ்சல் உண்டா? மாற்றுத்திறனாளிகள் பொழுதுபோக்கு, விளையாட்டு வசதிகளைப் பிறரைப் போலவே பெற வேண்டும் என்று 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கூறுகிறது.

விளையாட்டு என்பது படிப்பு முடிந்தபின் கிடைக்கும் வெகுமதி மட்டும் அன்று. ஓய்வும் விளையாட்டும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று ஐக்கிய நாட்டுக் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. மலேசியா 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது.

நாம் செய்யக்கூடியது

உடைந்த ஊஞ்சலைப் பார்த்து முணுமுணுத்துவிட்டுத் திரும்புவதால் அது சீராகாது. எந்தத் திடல், எந்தச் சாதனம், என்ன பழுது, என்று கண்டீர்கள் என்பவற்றைக் குறித்துக்கொண்டு, படத்துடன் ஊராட்சி மன்றத்துக்குத் தெரிவியுங்கள். தெளிவாக எழுதிய கடிதத்துக்கு வலிமை உண்டு. பலர் கையொப்பமிட்டால் அந்த வலிமை பெருகும். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல, ருக்குன் தெத்தாங்கா குழுவும் பெற்றோரும் மாணவரும் சேர்ந்தால் திடல் துப்புரவாகும். அண்டை வீட்டாரின் முகமும் பெயரும் அறிமுகமாகும்.

யாரும் வராத திடலில் புல் மண்டும். புல் மண்டிய திடலுக்கு யாரும் வருவதில்லை. மக்கள் பயன்படுத்தும் இடத்தைத்தான் மன்றமும் கவனிக்கும், அதைக் காக்க மக்களும் குரல் கொடுப்பர். ஆகவே மாணவர்களே, இந்த வாரம் உங்கள் வட்டாரத் திடலுக்கோ குளத்துக்கோ ஒரு முறை சென்று வாருங்கள். நீந்தத் தெரியாதவர் மிதக்கக் கற்கத் தொடங்குங்கள். தெரிந்தவர், கரையில் அமர்ந்திருக்கும் ஒருவருக்குக் கைகொடுங்கள்.

கருத்துணர் கேள்விகள்

1. தோட்டத்துத் திடல் மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டது? இரண்டு பயன்களைக் குறிப்பிடுக.
2. 'பொதுச்சொத்து என்பது உரிமையாளர் இல்லாத சொத்து அன்று' என்னும் கூற்றை விளக்குக.
3. நீச்சல் குளத்தில் நெடி மிகுதியாக இருப்பது எதைக் காட்டுகிறது?
4. மூழ்குபவரைக் கண்டதும் நீரில் குதிக்கக் கூடாது என்று கட்டுரை கூறுவது ஏன்? அதற்கு மாறாக என்ன செய்யலாம்?
5. பெண்பிள்ளைகளும் நீச்சல் கற்க வேண்டும் என்பதற்குக் கட்டுரையாசிரியர் காட்டும் காரணங்களோடு உம் கருத்தையும் சேர்த்து எழுதுக.

செயற்பாடு

குழுவாக உங்கள் குடியிருப்பிலுள்ள விளையாட்டுத் திடலுக்குச் சென்று, மேற்கண்ட மூன்று கேள்விகளின் அடிப்படையில் தகவல் திரட்டுக. திடலில் சீர்செய்ய வேண்டிய ஒரு குறையைத் தேர்ந்தெடுத்து, ஊராட்சி மன்றத்துக்கு அலுவல் கடிதம் ஒன்று எழுதுக.