வரைபடத்தில் தெரியும் கோர்ட் எல்லாம் நமக்குத் திறக்காது

மும்பையின் அணுசக்தி நகரில் வளர்ந்தவர்களுக்கு வாசல் காவல் புதிதல்ல. மான்குர்த் ஸ்டேஷனில் இறங்கி வரும் விருந்தாளியிடம் யார் வீட்டுக்கு, எந்த பில்டிங் என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கூகுள் மேப்பில் எங்கள் மைதானத்தைப் பார்த்துவிட்டு வெளிப் பையன்கள் மட்டையோடு வந்து நின்றால் ஆட முடியாது. இத்தனையும் தெரிந்த நான், ஸ்பெயினில் அதையே செய்தேன்.

வலென்சியாவில் வேலை பார்க்கும் அண்ணன் மகளைப் பார்க்கப் போயிருந்தோம். கண்ணாடிச் சுவர்களுக்குள் நால்வர் ஆடும், டென்னிஸ் போன்ற ஆட்டம் பேடல். வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இரண்டு பேடல் கோர்ட் இருப்பதாக மேப் காட்டியது. "அங்கே தெருவுக்குத் தெரு கோர்ட், போய் நின்னாலே கிடைச்சிடும்" என்று செம்பூரில் ஒரு நண்பர் சொல்லி அனுப்பியிருந்தார். நால்வரும் போனோம். கம்பிக் கதவு பூட்டிக் கிடந்தது. உள்ளே கண்ணாடிச் சுவர், பச்சைத் தரை, ஆளே இல்லை. "சித்தப்பா, இது அந்த அடுக்குமாடிக்காரங்களோட கோர்ட்" என்றாள் அவள். நீச்சல் குளமும் பேடல் கோர்ட்டும் உள்ள குடியிருப்பு வளாகங்கள் அங்கே ஏராளம். உர்பனிசாசியோன் என்பார்கள். அவற்றின் கோர்ட் அங்கே குடியிருப்பவர்களுக்கு மட்டும்தான்.

நண்பர் சொன்னதில் பாதி சரி. பேடலுக்கு ஸ்பெயின் அளவுக்குக் கோர்ட் கட்டிய நாடு உலகில் வேறில்லை. ஆனால் ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு வாசல் உண்டு, அது யாருடைய வாசல் என்பதுதான் முதல் கேள்வி. குடியிருப்புக் கோர்ட்டில் அங்கே குடியிருப்பவர் அழைத்துப் போனால் ஆடலாம். சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு மட்டும் என்று வைத்திருக்கும் பழைய கிளப்புகள் உண்டு. காசு கொடுக்கும் யாருக்கும் திறக்கும் வணிகக் கிளப்புகள் உண்டு. பயணிக்கு ஏற்றவை இவைதான். நான்காவதாக, எனக்கு மிகவும் பிடித்தது, பொலிதெபோர்த்திவோ எனப்படும் நகராட்சி விளையாட்டு மையம். வாடகை குறைவு. பள்ளிப் பிள்ளைகளும் ஓய்வுபெற்றவர்களும் அடுத்தடுத்த கோர்ட்டில் ஆடுவார்கள். பேடல் பணக்காரர் ஆட்டம் என்று மும்பையில் சொல்பவர்கள் அங்கே ஒரு மாலை போய்ப் பார்க்க வேண்டும். 1974-இல் மார்பெயா கிளப் வழியாக ஸ்பெயினுக்குள் நுழைந்தபோது அது செல்வந்தர் ஆட்டமாகத்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் பொதுவாகியது பிறகுதான்.

"ஒரு ஆப் போட்டுக்கிட்டா போதும்" என்பது அடுத்த நம்பிக்கை. மத்ரீதில் 2017-இல் தொடங்கிய பிளேடோமிக் ஸ்பெயினில் பெரும்பாலான வணிகக் கிளப்புகளுக்கு உதவும். நகராட்சி மையங்கள் அதில் இல்லாமலும் போகலாம். அவற்றுக்கு அந்தந்த ஊரின் தனித் தளம் இருக்கும். சிலவற்றில் உள்ளூர் அடையாள எண் கேட்கும். அப்போது நேரே கவுண்டருக்குப் போய்க் கேட்பதே வழி. பக்கத்து பிரான்சுக்குப் போனால் டென்னிஸ் சம்மேளனத்தின் டென்-அப் என்று இன்னொரு ஆப். சிறிய ஊர்க் கிளப்புகளில் தொலைபேசியும் வாட்ஸப்புமே போதும்.

ஆப் கிடைத்தாலும் பணம் போக வேண்டுமே. யூபிஐ-யை நம்பிப் போகாதீர்கள். 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, புதிதாகத் தரும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே வரும். நாம் கேட்டால்தான் திறக்கும். இங்கிருந்து கிளம்பும் முன்பே வங்கி ஆப்பில் அதைத் திறந்துவிடுங்கள். ஓடிபி வரும் இந்திய சிம்மையும் கழற்றி வைத்துவிடாதீர்கள். அங்கே கார்டு மறுக்கப்பட்டு நான் நின்றபோது வலென்சியாவில் இரவு எட்டு, மும்பையில் பதினொன்றரை.

நேரத்தைப் பற்றியும் நம் கணக்கு அங்கே செல்லாது. ஸ்பெயினில் கோர்ட் பெரும்பாலும் ஒன்றரை மணி நேரக் கணக்கில் கிடைக்கும். காட்டும் விலை பல இடங்களில் முழு கோர்ட்டுக்கானது, நால்வரும் பங்கிட்டால் சிறு தொகைதான். கிரீன்விச் கோடு வலென்சியாவுக்குப் பக்கத்திலேயே போகிறது. ஆனால் 1940 முதல் அந்த நாட்டின் கடிகாரம் மத்திய ஐரோப்பிய நேரத்தில் ஓடுகிறது. அதனால் ஜூலையில் ஒன்பதரைக்குத்தான் அங்கே சூரியன் மறையும். வேலை முடிந்தவர்கள் ஆறிலிருந்து பத்துவரை கோர்ட்டைப் பிடித்துவிடுவார்கள். மதிய உணவு வேளையில் காலியாக இருக்கும், ஆனால் அந்த வெயிலில் கண்ணாடிக்குள் ஆட உடம்பு வேண்டும். வெளியூர்க்காரருக்கு வார நாள் காலைதான் நல்ல நேரம். எவ்வளவு முன்னதாக ரத்து செய்தால் பணம் திரும்பும் என்பது கிளப்புக்குக் கிளப் மாறும், அதையும் படித்துவிடுங்கள்.

நாலு பேர் இல்லையே என்று தயங்கவும் வேண்டாம். ஆள் குறையும் ஆட்டங்களை ஆப்பில் திறந்து வைப்பார்கள், நாம் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் பூஜ்யம் முதல் ஏழுவரை உள்ள நிலையில் நம் நிலை எது என்று உண்மையாகச் சொல்ல வேண்டும். காலனியில் இருபது வருஷம் பேட்மின்டன் ஆடிய தைரியத்தில் நான் மூன்று என்று போட்டுவிட்டேன். மற்ற மூவரின் ஒன்றரை மணி நேரத்தை அன்று வீணடித்தது இன்னும் உறுத்துகிறது. மறுநாளே ஒன்றுக்கு இறக்கிக்கொண்டேன்.

பிக்கிள்பால் மட்டையை எடுத்துப் போவதில் பயன் இல்லை. அது வேறு ஆட்டம், துளையிட்ட பிளாஸ்டிக் பந்து. பேடல் பந்து டென்னிஸ் பந்தைப் போன்றது, துளைகள் மட்டையில்தான் இருக்கும். கிளப்பிலேயே வாடகைக்குத் தருவார்கள். செருப்பும் ஓட்டப்பயிற்சி ஷூவும் மணல் தூவிய அந்தத் தரையில் வழுக்கும். டென்னிஸ் ஷூ மட்டும் எடுத்துப் போங்கள்.

சுவரில் பட்டால் அவுட் என்று எண்ணியதுதான் என் கடைசித் தவறு. 1969-இல் மெக்சிகோவின் அகாபுல்கோவில் என்ரிகே கோர்குவேரா தம் வீட்டில் சுவர் சூழ இந்த ஆட்டத்தை அமைத்தபோதே சுவரும் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டது. நம் பக்கத் தரையில் ஒருமுறை குதித்துப் பின் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்து இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. பந்து தாண்டிப் போய்விட்டது என்று நான் மட்டையைத் தாழ்த்தும்போதெல்லாம், வலைக்கு அருகிலிருந்து அண்ணன் மகள் கத்துவாள்: "விடாதீங்க சித்தப்பா, திரும்பி வருது!"