மஞ்சள் மாத்திரை நரம்பைக் காப்பாற்றுமா?



போன மாத வகுப்பு முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் கேட்டார்: "அக்கா, அம்மாவுக்கு இனிப்புநீர். கால் மரத்துப் போகுதுன்னு சொல்றாங்க. மஞ்சள் மாத்திரை சாப்பிட்டா நரம்பு சரியாயிடும்னு வாட்ஸ்அப்ல வந்திருக்கு. உண்மையா?"

ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது. அதனால் இந்த மாதப் பாடமே இதுதான்.

நம் வீட்டு விஷயமும்கூட. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. கிட்டத்தட்ட மூன்று பேரில் ஒருவர்!

சரி, சர்க்கரை நரம்பை எப்படிக் கெடுக்கிறது? தசை செல்லுக்குள் சர்க்கரை போக இன்சுலின் என்ற சாவி வேண்டும். நரம்பு செல்லுக்கு அந்தச் சாவி தேவையில்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் நரம்புக்குள்ளும் ஏறும், அதைத் தடுக்கக் கதவு கிடையாது. உள்ளே குவிந்த சர்க்கரையை மைட்டோகாண்ட்ரியா எரிக்கும்போது, விறகை அளவுக்கு மீறித் திணித்த அடுப்பு புகைவது மாதிரி, சூப்பர்ஆக்சைடு போன்ற பொருள்கள் அதிகமாக வெளியாகின்றன. இவை செல்லின் சவ்வையும் புரதத்தையும் டி.என்.ஏ.வையும் தாக்கும். இனிப்புநீரின் பல பாதிப்புகளுக்கு இதுவே பொதுவான வேர் என்று அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் விளக்கினார்.

இன்னொரு பாதையும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மிஞ்சிய சர்க்கரையை ஆல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சார்பிட்டாலாக மாற்றுகிறது. அதற்கு என்.ஏ.டி.பி.எச். என்ற பொருள் செலவாகிறது. நம் உடம்பே தயாரிக்கும் ஆன்டிஆக்சிடன்ட் குளூட்டாதயோன். அது வேலை செய்து தீர்ந்தபின் அதைப் புதுப்பிப்பதும் இதே என்.ஏ.டி.பி.எச்.தான். அதாவது வீடு பற்றி எரியும் நேரத்தில் தீயணைக்க வைத்திருந்த தண்ணீரும் வேறு பக்கம் ஓடிவிடுகிறது.

பாதத்துக்குப் போகும் நரம்பு இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு நீளத்தைப் பராமரிப்பது சிரமம். அதனால்தான் மரத்துப்போவது பெரும்பாலும் கால்விரலில் ஆரம்பிக்கிறது.

இப்போது தாவரங்களுக்கு வருவோம். வெங்காயத்தில் குவெர்செட்டின், மஞ்சளில் குர்குமின், தேயிலையில் கேட்டச்சின். ஆய்வுக்கூடத்தில் குவெர்செட்டின் அந்த ஆல்டோஸ் ரிடக்டேஸ் நொதியைத் தடுக்கிறது. குர்குமின், செல்லின் சொந்தப் பாதுகாப்பை முடுக்கிவிடும் என்.ஆர்.எஃப்.2 என்ற சுவிட்சைத் தட்டுகிறது. சர்க்கரை மிகுந்த திரவத்தில் வளர்க்கும் நரம்பு செல்கள் இவற்றைச் சேர்த்தால் குறைவாகச் சாகின்றன. வாட்ஸ்அப் செய்தி முழுப் பொய் இல்லை.

ஆனால் ஆய்வுக்கூடத் தட்டு வேறு, சாப்பாட்டுத் தட்டு வேறு. மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடுதான். கறிக்குப் போடும் ஒரு தேக்கரண்டியில், அதாவது ஏறக்குறைய 3 கிராம் தூளில், கிடைப்பது 90 மில்லிகிராம். அதையும் குடல் சரியாக உறிஞ்சாது. 1998-இல் வெளிவந்த பெங்களூரு ஆய்வு ஒன்றில் 2 கிராம் குர்குமினை மட்டும் கொடுத்தபோது ரத்தத்தில் அதைக் கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது. மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் உறிஞ்சுதல் 20 மடங்கு கூடியது. மாத்திரை விற்பவர்கள் இந்த 20 மடங்கை மட்டும்தான் சொல்வார்கள். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருப்பதை 20 மடங்காக்கினால் எவ்வளவு வரும்? நீங்களே கணக்குப் போடுங்கள். செறிவான மஞ்சள் மாத்திரையால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது.

ஆகவே சாம்பார் வெங்காயமும் மஞ்சளும் தட்டில் இருக்கட்டும், மருந்தின் இடத்தில் வேண்டாம். 1,441 பேரை வைத்து நடத்தி 1993-இல் முடிந்த பெரிய ஆய்வில், முதல் வகை இனிப்புநீர் உள்ளவர்கள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தபோது நரம்புப் பாதிப்பு 60 விழுக்காடு குறைந்தது. நம் பெற்றோருக்கு அதிகம் வரும் இரண்டாம் வகையில் பலன் அவ்வளவு பெரிதாக இல்லை. இருந்தாலும் அடுப்பில் விறகைக் குறைக்கும் வழி அதுதான். "மாத்திரையை நிறுத்திட்டு மஞ்சள் குடிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று: மெட்ஃபார்மினைப் பல வருஷம் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அதனாலும் கால் மரக்கும். கிளினிக்கில் கேட்டால் ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடலாம்.

தைப்பூசத்தன்று என் பெரியம்மா உச்சிவெயிலில் வெறுங்காலோடு தார்ச்சாலையில் நடந்தார். சாயங்காலம் பாதத்தில் கொப்புளத்தைப் பார்த்தது நான்தான். அவருக்கு வலியே இல்லை. இந்த நோயில் பயப்பட வேண்டியதே அந்த வலியின்மைதான். பால்குடமோ தீமிதியோ, நேர்த்திக்கடன் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே காலைச் சோதித்துவிடுங்கள்.

சோதனை சுலபம். அம்மாவையோ அப்பாவையோ கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை உங்கள் ஆள்காட்டி விரலால் ஓரிரு விநாடி மெதுவாகத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டக் கூடாது. இரண்டு காலுக்கும் சேர்த்து ஆறு இடம். தொட்டது தெரிந்தால் சொல்லட்டும். இரண்டு இடமோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், அந்த வாரமே கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.