தபால்பெட்டியில் எந்தப் பெயர்?

ஜெர்மனிக்கு வேலைக்குப் போகிறவர், வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். ‘அன்மெல்டுங்’ என்பது அந்தப் பதிவின் பெயர். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சான்று இல்லாமல் அது நடக்காது. 2015 நவம்பரிலிருந்து சட்டம் அப்படி. பெர்லின் போன்ற நகரங்களில் அதற்கு நேரம் கிடைப்பதே பெரும்பாடு. இதுவரைக்கும் எல்லோரும் சொல்லித் தருவார்கள்.

பதிவு முடிந்தபின் மற்றதெல்லாம் தபாலில் வரும்: 11 இலக்க வரி எண், வங்கி அட்டை, அதன் ரகசிய எண் தனி உறையில், மருத்துவக் காப்பீட்டு அட்டை. அங்கே முகவரியில் பொதுவாக ஃபிளாட் நம்பர் இருக்காது. தெரு, கட்டட எண், ஆள் பெயர், அவ்வளவுதான். கட்டடத்தில் முப்பது வீடு இருந்தாலும் தபால்காரர் பார்ப்பது பெட்டியில் ஒட்டிய பெயரைத்தான். பெயர் இல்லையென்றால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பிவிடும்.

தமிழர் இடறுவது இங்கேதான். பாஸ்போர்ட்டுக்காக இனிஷியலை விரித்து எழுதும்போது, அப்பா பெயர் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஊரில் எஸ். கார்த்திக், ஜெர்மன் அரசுக்கு ‘ஹெர் சுப்பிரமணியன்’. அவரோ பெட்டியில் ‘கார்த்திக்’ என்று ஒட்டியிருப்பார். கட்டுரையாளர் ஒட்டியதும் அப்படித்தான்: கோடு போட்ட நோட்டுத் தாளைக் கிழித்து, நீல மையில், அச்சுப்போல. பிறந்ததிலிருந்து கூப்பிடும் பெயரை எழுதியதை மடத்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு வீடு பிடித்துத் தந்த முகவர் அந்த ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம்.

பலன் சம்பளச் சீட்டில் தெரியும். வரி எண் கொடுக்காதவருக்கு ஆறாம் வரி வகுப்பில் பிடித்தம் விழலாம். 2025-இல் ஆண்டுக்கு 12,096 யூரோவாக இருந்த அடிப்படை வரிவிலக்கு அந்த வகுப்பில் கிடையாது. அதிகமாகப் பிடித்தது பின்னால் திரும்பி வரும், மறுக்கவில்லை. ஆனால் வீட்டு அட்வான்ஸ் கட்டுவதும், சமையலறையே இல்லாமல் வெறும் குழாய் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும் வீட்டுக்கு அடுப்பும் சிங்கும் வாங்குவதும் அதே மாதத்தில்தான் வந்து நிற்கும். எண் வரவில்லை என்று மத்திய வரி அலுவலகத்துக்கு எழுதினால் மின்னஞ்சலில் சொல்ல மாட்டார்கள். இன்னொரு கடிதம் அனுப்புவார்கள், அதே பெட்டிக்கு.

ஆகவே சாவி வாங்கிய அன்றே, பாஸ்போர்ட்டில் உள்ள இரண்டு பெயரையும் பெட்டியிலும் அழைப்பு மணியிலும் ஒட்டிவிட வேண்டும். அடுத்தவர் வீட்டில் அறை எடுத்தவர், அவர் பெயருக்குக் கீழே தன் பெயரையும் சேர்க்கக் கேட்க வேண்டும். கூச்சப்பட்டால் நஷ்டம் தனக்குத்தான்.

மற்றவை சில்லறை விஷயம். அட்வான்ஸ், பராமரிப்புச் செலவு சேராத வாடகையில் மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று தவணையாகக் கட்டலாம். இந்திய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அநேகமாக மூடியிருக்கும், அரிசி சனிக்கிழமையே வாங்கிவிட வேண்டும். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லாவிட்டாலும். ‘சுப்பிரமணியன்’ என்று சரியாக ஒட்டிய பெட்டியில் முதலில் வந்து விழுந்தது அந்தக் கட்டணக் கடிதம்.